வெற்று மலையும் தொண்டர் சங்கமும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிற் சுவர்களில் கல்வெட்டுகள் மிகப் பல. சோழர் காலந்தொட்டு நாயக்கர் காலம்வரை அவை தொடர்கின்றன. நுந்தா விளக்குக்கு ஆடும் பசுவும் அளித்தோர், திருவமுதுக்கு நிலம் விட்டோர், நந்தவனம் வைத்தோர் எனக் கொடையாளர் வரிசை நீள்கிறது. 217 அடி உயர இராசகோபுரத்தை எழுப்பத் தொடங்கிய கிருஷ்ணதேவராயரின் பெயரை அவ்வூர்ப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அந்த நந்தவனங்களுக்கு விடியற்காலையில் நீர் இறைத்தவர் யார், வேனிலில் ஊற்று வற்றியபோது குடம் சுமந்தவர் யார் என்னும் செய்தி பெரும்பாலும் கல்லில் ஏறவில்லை.

சிறு நகரங்களின் தொண்டு அமைப்புகளுடைய வரலாற்றுக்கும் இதே குறை உண்டு. ஓர் அமைப்பின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் தலைவர், செயலாளர், பொருளாளர் பட்டியல் முதலில் வரும். பதவியேற்பு விழாவும் சிறப்பு விருந்தினர் உரையும் பொன்னாடையும் நிழற்படமும் அடுத்து வரும். செய்த பணி நான்கு வரியில் முடிந்துவிடும். வரலாறு எழுதப் புகுவோர் அந்நான்கு வரிகளிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. திருவண்ணாமலையில் 1988இல் தோன்றிய ஒரு சங்கத்தின் கதை இவ்வகையில் ஆராயத்தக்கது. ஆங்கிலத்தில் ‘அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி’ என்று பெயர் பெற்ற அதனைத் தமிழில் அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கம் எனலாம். அது மேற்கொண்ட பணி ஒரு மலையை மீண்டும் காடாக்குவது. ஓராண்டுத் தலைவர் ஒருவர் தம் பதவிக் காலத்துக்குள் முடித்துக் காட்டக்கூடிய பணியன்று அது.

தொண்டும் பெயரும்

தொண்டு என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. திருநாவுக்கரசர் கையில் ஏந்திய உழவாரம் புல்லும் முள்ளும் செதுக்கும் எளிய கருவி. பல்லவன் அவையையும் சமணப் பள்ளியையும் கண்ட பெரும்புலவர் அவர். ஆயினும் தமிழ்நாட்டுச் சிற்பிகள் அவருக்கு வடிவம் சமைத்தபோது ஏட்டுச்சுவடியைக் கையில் தரவில்லை, உழவாரத்தையே தந்தனர்.

அவர் காலத்தவரான திங்களூர் அப்பூதியடிகள், தாம் நேரிற் கண்டிராத நாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப்பந்தல் அமைத்தார். அவ்வழியே வந்த அப்பர், பந்தலில் தம் பெயரைக் கண்டு, அமைத்தவர் தமது பெயரை எழுதாமல் பிறர் பெயரை எழுதியதன் காரணத்தை வினவியதாகச் சேக்கிழார் பாடுகிறார். நீர்ப்பானையினும் பெயர்ப்பதாகை பெரிதாக உள்ள இக்காலப் பந்தல்களைக் கண்டவர்களுக்கு இவ்வினா சிறு நகையை வருவிக்கக்கூடும்.

தனியொருவர் செய்யும் அறத்துக்கும் பலர் சங்கமாகக் கூடிச் செய்யும் பணிக்கும் வேறுபாடு உண்டு. பின்னது இன்றைய வடிவில் நம்மிடம் வந்து ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேல் ஆகிறது. 1905 பிப்ரவரியில் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் நண்பர் சிலரோடு கூடி ரோட்டரி கழகத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூன் மாதம் புனே நகரில் கோபால கிருஷ்ண கோகலே இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். ரோட்டரி, வணிகரும் தொழில் வல்லுநரும் வாரந்தோறும் கூடும் நட்புக் கழகமாகத் தோன்றிப் பின்னர்த் தொண்டினைக் குறிக்கோளாகக் கொண்டது. கோகலேயின் சங்கமோ வாழ்நாள் முழுவதையும் நாட்டுக்கென ஒப்புக்கொடுத்த மிகச் சிலரைக் கொண்டது. கோகலேக்குப் பின் 1915இல் அதன் தலைமையை ஏற்றவர் வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார். ஓய்வு நேரத்தை அளிப்போர் ஒரு வகை, வாழ்நாளை அளிப்போர் மறு வகை. தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் வேரூன்றியது முதல் வகையே. அதற்குக் காரணம் வெளிப்படை: கடைக்குப் போக வேண்டியவரும் வழக்கு மன்றம் செல்ல வேண்டியவரும் வாழ்நாளைத் தர இயலாது, மாலை நேரத்தைத் தர இயலும்.

ரோட்டரி கழகம் 1920இல் கல்கத்தாவிலும் 1929இல் சென்னையிலும் நிலைபெற்றது. 1917இல் அமெரிக்காவில் தோன்றிய அரிமா சங்கம் 1956இல் இந்தியாவுக்கு வந்தது. விடுதலைக்குப் பின் இவ்விரண்டும் மாவட்டத் தலைநகரங்களையும் வட்டத் தலைநகரங்களையும் எட்டின. மருத்துவர், வழக்கறிஞர், அரிசி ஆலை உரிமையாளர், துணி வணிகர், தலைமையாசிரியர் என ஊரில் பெயர் பெற்றோர் அவற்றின் உறுப்பினராயினர். கண் மருத்துவ முகாம், இரத்த தானம், ஏழை மாணவர்க்குக் குறிப்பேடு என்பன அவற்றின் வழக்கமான பணிகள். இவற்றை விருந்துக் கழகங்கள் என்று எள்ளி நகையாடுதல் எழுத்தாளரிடையே ஒரு வழக்கம். அது நேர்மையன்று. இளம்பிள்ளைவாதத்தை ஒழிக்க ரோட்டரி 1985இல் உலக அளவில் ஒரு பெருமுயற்சியைத் தொடங்கியது. இந்தியாவில் அந்நோய் இறுதியாகக் காணப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் நோயற்ற நாடாகச் சான்று பெற்றோம். அரசும் உலக நலவாழ்வு நிறுவனமும் செவிலியரும் செய்த பணியில் சிறு நகரக் கழகத்தாரின் கால் நூற்றாண்டு உழைப்பும் கலந்துள்ளது.

இருப்பினும் இக்கழகங்களின் அமைப்பிலேயே ஓர் இடர் உள்ளது. ரோட்டரியின் ஆண்டு ஜூலை முதல் நாளில் பிறக்கிறது. தலைவர் ஆண்டுதோறும் மாறுவார். புதிய தலைவருக்குப் புதிய திட்டம் வேண்டும். பழைய தலைவர் நட்ட செடிக்கு நீர் ஊற்றுவது யாருடைய சாதனைக் கணக்கிலும் சேராது. 1950இல் நடுவணமைச்சர் கே.எம். முன்ஷி தொடங்கிவைத்த வனமகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் கொண்டாடப்படுவதும் இதனோடு வந்து பொருந்தியது. வடநாட்டில் ஜூலை, பருவமழை முழங்கும் காலம். திருவண்ணாமலைப் பகுதியில் ஆனி, ஆடியில் சிறிது மழை பெய்தாலும், நட்ட செடி வேர் பிடிக்க நம்பத்தக்கது ஐப்பசி, கார்த்திகை மழையே. தில்லியின் நாட்காட்டிக்கேற்ப ஜூலையில் குழிதோண்டி, மாலையணிந்த விருந்தினர் நட்டுச் சென்ற செடிகள் புரட்டாசிக்குள் காய்ந்து போவதும், மறு ஆண்டு அதே குழியில் வேறொரு விருந்தினர் வேறொரு செடி நடுவதும் தமிழகமெங்கும் பலர் கண்ட காட்சிகளே.

மலை முன்பு இருந்த நிலை

திருவண்ணாமலை வட்டாரத்தின் காட்டுக்குச் சங்க இலக்கியச் சான்று உண்டு. இன்றைய செங்கம் ஆகிய செங்கண்மாவிலிருந்து ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம் 583 அடிகளில் அவன் மலைநாட்டையும் சேயாற்றையும் காட்டுவழிகளையும் விரிக்கிறது. வழியின் இடர்களைக் கூத்தர்க்கு முன்னறிவிக்கும் அப்பாட்டில், இரவில் செல்லத்தகாத அளவுக்குக் காடு அடர்ந்திருக்கிறது. திருஞானசம்பந்தரின் அண்ணாமலைப் பதிகங்கள் இரண்டிலும் அருவி பேசப்படுகிறது. பன்றிக் கூட்டமும் மானும் கரடியும் இறங்கிவரும் சாரலாக, இரவில் யானைத் திரள் வந்தடையும் சாரலாக அம்மலை காட்டப்படுகிறது. பதிக மரபில் இயற்கை வருணனை ஓரளவு வாய்பாடாக வருவது உண்மைதான். எனினும் தேவார வருணனை அனைத்தையும் மரபு என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. அருவியே இல்லாத மலைக்கு அருவியைப் பாடுவதென்றால், உடன் வந்த அடியாரும் நகைத்திருப்பர்.

யானையும் கரடியும் எப்பொழுது அகன்றன என்பதற்குக் காலக்குறிப்பு இல்லை. அண்மைக் காலத்துக்கு வந்தால் சான்று கிடைக்கிறது. 1896 செப்டம்பரில் இரமணர் திருவண்ணாமலைக்கு இரயிலில் வந்து சேர்ந்தார். 1899 முதல் 1916 வரை அவர் தங்கியிருந்த விருபாட்ச குகைப் பகுதியில் சிறுத்தை நடமாட்டம் இருந்ததை ஆசிரம நூல்கள் கூறுகின்றன. அதே நூல்கள் வேறொன்றையும் கூறுகின்றன. வேனிற்காலத்தில் அக்குகையருகே நீர் கிடைக்காமையால் அவர் மாமரத்துக் குகைக்கு இடம் மாறியிருந்தார். 1916இல் அவர் குடிபெயர்ந்த கந்தாசிரமமோ, கந்தசாமி என்னும் அன்பர் பாறையும் சப்பாத்திக் கள்ளியும் மண்டிக் கிடந்த சரிவைத் தம் கையால் திருத்தி, தென்னை முதலியன வைத்து உண்டாக்கிய இடம். மலையில் நீர் சுமந்த ஒருவரின் பெயர் இடப்பெயராகவே நின்றுவிட்ட அரிய நிகழ்வு இது. முருகன் பெயரென்றே வழிபடுவோரில் பலர் எண்ணிச் செல்கின்றனர்.

இரமணர் வந்த காலத்தில் மலை முழுவதும் அடர்ந்த காடாக இருந்தது என்று பிற்காலத்தில் பலரும் எழுதியதை இவ்விடத்தில் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும். கள்ளி மண்டிய சரிவு, முன்னரே வெட்டும் மேய்ச்சலும் நிகழ்ந்த நிலத்தின் அடையாளம். ஆகவே காடு ஒருநாளில் அழிந்ததன்று. சிறிது சிறிதாகத் தேய்ந்தது. இரயில் வந்தது, ஊர் பெருகியது. 1886இல் நகராட்சியான ஊருக்கு விறகு வேண்டியிருந்தது. செங்கற் சூளைக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் விறகே எரிபொருள். தலைச்சுமை விறகு விற்று அன்றாடம் உலை ஏற்றிய ஏழைப் பெண்களை இதற்குக் குற்றஞ்சாட்டுவது எளிது. அவ்விறகை வாங்கி எரித்தது ஊரில் அடுப்பு எரிந்த ஒவ்வொரு வீடும் ஆகும்.

மரம் போனபின் புல் வந்தது. மலைச்சரிவில் ஆள் உயரம் வளரும் மணமுள்ள புல், மாசி பங்குனியில் காய்ந்து சருகாகிவிடும். பீடித் துண்டு ஒன்று போதும். இரவெல்லாம் மலை எரியும். புல்லுக்குத் தீயால் இழப்பில்லை. வேர் பிழைத்து முதல் மழையில் மீண்டும் தளிர்க்கும். முளைத்து இரண்டு ஆண்டான மரக்கன்றுக்கு அந்த வாய்ப்பில்லை. தப்பித் தளிர்த்ததை ஆடு கடிக்கும். தீயும் ஆடும் மாறிமாறி வந்தமையால் மலை தானாக மீளும் வழி அடைபட்டது. 2,668 அடி உயர மலை, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாறையும் புல்லுமாக நின்றது. சிவனைச் செந்தீயாகக் கண்ட மரபுக்கு அத்தோற்றம் பொருந்துவதாகக் கொண்டு அமைதி அடைந்தோரும் இருந்தனர்.

1988

1987இல் ஆசிரமத்தருகே தங்கியிருந்த ஆஸ்திரேலியத் துறவுப் பெண்மணி ஒருவர், தம் நாட்டில் மழைக்காடுகளைக் காக்கும் பணியில் பெயர் பெற்றிருந்த ஜான் சீட் என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். புலி உலவிய மலையில் இன்று முள்ளும் ஆடும் மட்டுமே உள்ளன என்பது அதன் சாரம். ஜான் சீட் தொடங்கிய மழைக்காட்டுத் தகவல் மையம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் லிஸ்மோர் நகரில் இருந்தது. எஞ்சியிருக்கும் காடுகளைக் காப்பதற்கே ஆற்றல் போதாத நிலையில், அழிந்த காட்டை மீட்பதில் அம்மையத்துக்கு முதலில் தயக்கம் இருந்தது. எனினும் கடிதத் தொடர்பு வளர்ந்தது. 1988இல் உள்ளூரில் சங்கம் அமைந்தது. ஆஸ்திரேலிய அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனத்திடமிருந்து தொடக்க நிதி பெறப்பட்டது.

இந்நிகழ்ச்சியைக் கேட்போர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. தமிழரின் மலைக்கு மரம் வைக்க ஆஸ்திரேலியாவிலிருந்தா ஆள் வர வேண்டும்? 1934இல் வெளிவந்த பால் பிரண்டனின் நூல் இரமணரை மேலைநாட்டுக்கு அறிமுகம் செய்தபின், அயல்நாட்டினர் திருவண்ணாமலையை நாடி வருவது வழக்கமாயிற்று. வந்தவர்களிற் சிலர் தங்கினர். புதிதாக வந்தவர் கண்ணுக்கு மலையின் வெறுமை உறைத்தது. பிறந்தது முதல் அவ்வெறுமையையே கண்டவர்க்கு அது மலையின் இயல்பாகத் தோன்றியது. குறை என்று ஒன்றை முதலில் காண்பவர் வெளியாராக இருப்பதில் வியப்பில்லை. குழி தோண்டியவர்களும் விதை பொறுக்கியவர்களும் சுற்றுவட்டார ஊர்களைச் சேர்ந்த தமிழர்களே. கடிதத்தின் கதை மட்டும் உலகுக்குத் தெரிந்திருப்பதும், கைகளின் கதை தெரியாதிருப்பதும் தொடக்கத்திற் சுட்டிய பழைய குறையின் தொடர்ச்சியே.

காலமும் சங்கத்துக்கு இயைந்திருந்தது. காட்டு நிலத்தைப் பிற பயன்பாட்டுக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1980இல் வந்திருந்தது. சுவீடன் நாட்டு உதவியுடன் தமிழக அரசு 1981 முதல் சமூகக் காடுகள் திட்டத்தை நடத்தி வந்தது. 1985இல் தரிசு நில மேம்பாட்டு வாரியம் அமைந்தது. சங்கம் பிறந்த அதே 1988இல் புதிய தேசிய வனக் கொள்கை வெளியாயிற்று; காடு வருவாய்க்குரியது என்னும் பழைய நோக்கினை விடுத்து, சூழல் காப்புக்கும் மக்கள் பங்கேற்புக்கும் அது முதன்மை தந்தது. அடுத்த ஆண்டே வடாற்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. சங்கம் அமைப்பதோ சட்டப்படி எளிது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் எழுவர் கூடி விதிமுறை எழுதிக் கையொப்பமிட்டால் போதும். வெளிநாட்டு நிதி பெறுவதற்கு மட்டும் அன்றிருந்த 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி நடுவணரசின் ஒப்புதலும் தனிக் கணக்கும் வேண்டியிருந்தன. இலக்கிய வட்டம் நடத்தியோர் இவ்வெழுவர் கணக்கை நன்கறிவர். கையொப்பமிட எழுவரும் மூன்றாம் ஆண்டுக் கூட்டத்துக்கு வர மூவரும் கிடைப்பது தமிழ்ச் சங்கங்களின் பொது இலக்கணம்.

நாற்றுப் பண்ணைக்கு இடம் எங்கே என்பது முதல் வினா. அதற்குக் கிடைத்த விடையே இவ்வரலாற்றின் அழகிய பகுதி. ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்புள்ள பெரிய கோயிலில், உள்மதிலுக்கும் வெளிமதிலுக்கும் இடையே பயனின்றிக் கிடந்த வெற்றிடம் நாற்றுப் பண்ணையாயிற்று. தென்னிந்தியாவின் மிகப் பெரிய மர நாற்றுப் பண்ணை என்று அதனை ஜான் சீட் குறிப்பிட்டார். அவ்வடைமொழியை அளந்து பார்த்தவர் உண்டோ இல்லையோ, கோயில் நிலத்தின் பழம்பயன் மீண்டது என்பதில் ஐயமில்லை. சோழர் காலத்தில் திருமாலைக்குப் பூ விளைவித்த நந்தவன மரபு, அங்கே மலைக்கு மரம் விளைவிப்பதாக மாறியது. காட்டைச் சிவபெருமானின் ஆடையாகவும், சங்கத்தின் பணியை அவ்வாடையை மறுபடி நெய்வதாகவும் சீட் உருவகித்தார். புலித்தோல் உடுத்தவனுக்கு மரவுரி தருவது பொருத்தந்தானே என்று சைவர் எவரும் உவப்பர்.

நெசவு என்பது வெறும் உவமையுமன்று. தறியில் ஓர் இழை தவறினால் துணி கெடுவதுபோல் இப்பணியிலும் ஒரு பருவம் தவறினால் ஓராண்டு போயிற்று. சித்திரை வைகாசியில் விதை திரட்ட வேண்டும். புங்கமும் நாவலும் இலுப்பையும் காய்க்கும் காலம் வெவ்வேறு. நாவல் விதை சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும். வாகை விதையோ கடினத் தோலுடையது; வெந்நீரில் ஊறினாலன்றி எளிதில் முளைக்காது. செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்து பாலிதீன் பைகளை நிரப்ப வேண்டும். நாளும் நீர் ஊற்ற வேண்டும். வேர் பையைத் துளைத்துத் தரையில் இறங்காதபடி பைகளை இடம் மாற்றி வைக்க வேண்டும். ஆவணி புரட்டாசியில் சரிவில் குழி தோண்ட வேண்டும். சரிவில் விழும் மழை மண்ணை அரித்துக்கொண்டு ஓடாமல் தங்கி இறங்கும்படி குறுக்கு வரப்பும் கல் தடுப்பும் அமைத்தாக வேண்டும். ஐப்பசி மழை தொடங்கியதும் ஈரமண் நிறைந்த பைகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து மேலே ஏற வேண்டும். வண்டி செல்லாத இடம் அது. கழுதையும் மனிதருமே வழி. தைக்குள் நட்டு முடித்துக் களை நீக்கி, மாசியில் தீக்குக் காவல் இருக்க வேண்டும். இவ்வளவுக்குப் பின்னும் பாறைமேற் படிந்த ஒரு சாண் மண்ணில் எத்தனை கன்று பிழைக்கும் என்பது வானத்தின் கையில் உள்ளது.

இத்தொழிலை எவரும் முன்னமே அறிந்திருக்கவில்லை. மர இனம் அறிதல், விதை சேகரித்தல், நாற்று வளர்த்தல், நீர்ப்பிடிப்பு மேலாண்மை, மண்ணரிப்புத் தடுப்பு ஆகியவற்றில் நூற்றுக்கணக்கானோர்க்குச் சங்கம் பயிற்சி அளித்தது. சங்கத்தின் நிலைத்த பயன் எது என்று கேட்டால், நட்ட மரங்களினும் இப்பயிற்சியையே சுட்ட வேண்டும். வெளிநாட்டு நிதி ஒரு திட்டக் காலத்துக்கு உரியது. கற்றுக்கொண்ட கை அக்காலத்தோடு முடிவதில்லை.

பின்வந்தோர்

ஒரு சங்கத்தின் பணி அச்சங்கத்தாலேயே தொடரப்பட வேண்டும் என்னும் விதி இல்லை. புத்தாயிரத்தின் முதற் பத்தாண்டில் ‘தி ஃபாரஸ்ட் வே’ என்னும் அறக்கட்டளை மலையில் காடு வளர்க்கும் பணியை ஏற்றது. அதனைச் சார்ந்து 2009இல் மருதம் பண்ணைப் பள்ளி தோன்றியது. அப்பள்ளிப் பிள்ளைகள் மரம் நடும் பருவத்தில் மலைக்குச் செல்கின்றனர். மலையின் பெரும்பகுதி காப்புக்காடு ஆதலால் வனத்துறையின் இசைவும் துணையும் இன்றி எவரும் அங்கு ஒரு குழியும் தோண்டலாகாது. துறைக்கும் தொண்டர்க்கும் இடையே உள்ள உறவு இவ்வரலாற்றின் நடுநரம்பு.

நடுவதினும் கடினமான பணி தீத்தடுப்பு. மழை ஓய்ந்தபின் சரிவின் குறுக்கே பல அடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு இடுகின்றனர். அங்கு வந்ததும் தீ எரிய ஒன்றுமின்றி நின்றுவிடும். கோட்டைத் தாண்டிவிட்டால் ஆட்கள் இரவிலும் ஏறிப் பச்சைத் தழைகளால் அடித்து அணைக்க வேண்டும். நாவுக்கரசர் கோயில் முற்றத்தில் செதுக்கிய அதே புல். அதே வகைக் கருவி. பதவியேற்பு விழாவில் நிழற்படம் எடுக்கத்தக்க காட்சி இதில் ஏதுமில்லை. எரியாத மலையை யாரும் படம் எடுப்பதில்லை.

இவ்வாறு காக்கப்பட்ட பகுதி எது என்பதை இன்று கண்ணாற் காணலாம். ஊரின் பக்கமாகக் கந்தாசிரமத்துக்கு ஏறும் வழியில் இன்று நிழல் உண்டு. பழைய நிழற்படங்களில் அச்சரிவு பாறைக் குவியலாகத் தெரிகிறது. மலையடிக் காட்டில் புள்ளிமான்கள் உள்ளன. சம்பந்தர் பாடிய யானைத் திரள் மீளப்போவதில்லை, மான் மீண்டது.

இதற்கிடையே மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர்ப் பாதையில் கூட்டம் பன்மடங்காயிற்று. முன்பு கார்த்திகைக்கும் சில திருநாள்களுக்கும் பெருகிய வலம், 1990களில் முழுநிலவுதோறும் இலட்சக்கணக்கானோர் நடக்கும் பெருவழக்காக மாறியது. அன்னதானம் செய்யும் அமைப்புகள் பெருகின, தண்ணீர்ப்பந்தல்கள் பெருகின, அவற்றின் குவளைகளும் தட்டுகளும் பெருகின. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி முதல் தடை விதித்தது. உணவு அளித்துவிட்டுச் செல்லும் தொண்டர்க்கும், மறுநாட் காலையில் குப்பை பொறுக்கும் தூய்மைப் பணியாளர்க்கும் இடையே தொண்டின் பொருள் குறித்து ஒரு வழக்கு நடத்தினால் தீர்ப்பு எளிதாக இராது. கூட்டத்துக்காகப் பாதையை அகலப்படுத்த முற்பட்டபோது ஓரத்து மரங்கள் இடையூறாகத் தோன்றின. 2015-16ஆம் ஆண்டுகளில் அவை வெட்டப்படுவதை எதிர்த்து எழுந்த குரல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. நடுவோர்க்கு வழக்காடவும் தெரிந்திருக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

2024ஆம் ஆண்டு திருவண்ணாமலை மாநகராட்சியாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயலின் பெருமழையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டின்மேல் விழுந்தன. குழந்தைகள் ஐவர் உட்பட எழுவர் மாண்டனர். மலையின் மண் தளர்ந்திருந்தமையால், டிசம்பர் 13ஆம் நாள் மகாதீபத்தன்று பொதுமக்கள் மலையேறத் தடை விதிக்கப்பட்டது.

மரம் இருந்திருந்தால் இச்சரிவு நிகழ்ந்திராது என்று உறுதி கூறுவது அறிவியலன்று. அத்தகைய மழையில் காடு சூழ்ந்த மலைகளும் சரிந்ததுண்டு. 2024 ஜூலையில் வயநாட்டில் அதனைக் கண்டோம். வேர் மேல்மண்ணைப் பிணிக்கும். ஆழத்துப் பாறையைப் பிணிக்காது. மேலும் அடிவாரச் சரிவில் வீடு கட்டியோர் விரும்பிக் கட்டியவரல்லர்; ஊருக்குள் மனை வாங்க இயலாதவர். ஆயினும் வெறுமையான சரிவில் நீர் விரைந்து ஓடி மண்ணை அரிப்பதும், மரம் செறிந்த சரிவில் நீர் மெல்ல இறங்குவதும் உழவர் அனைவரும் அறிந்தவை. 1988இல் சங்கம் தொடங்கியபோது மலையின் அழகையும் புனிதத்தையும் முன்வைத்தே பேசப்பட்டது. 2024க்குப் பின் அப்பேச்சில் அடிவாரத்து வீடுகளின் கூரையும் சேர்ந்துவிட்டது.

அவ்வாண்டு மகாதீபத்துக்கு நெய்யும் திரியும் கொப்பரையும் சுமந்து செல்ல வேண்டியோர் மட்டும் ஏறினர். மாலை ஆறு மணிக்குச் சுடர் எழுந்தது. ஊரிலிருந்தோர் கீழிருந்தே வணங்கினர். வழக்கம்போல் அது பதினொரு நாள் நின்று எரியும். அது அணைந்து மலை காயத் தொடங்கும் தை, மாசியிலேதான் புல் செதுக்குவோர் அரிவாளும் மண்வெட்டியுமாகச் சரிவில் ஏறுவது வழக்கம்.